தழும்பும் அணியே



‘இதயம்’ என்னும் சொல் ஒலிக்காத கவியரங்கம் இல்லை. இன்று அதனை உவமையாகக் கொள்ளாது, உறுப்பாகவே எண்ணிப் பார்ப்போம்.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 8 பேருக்கு இதயத்தில் பிறவிக்குறை உண்டு என்பர் மருத்துவர். அக்குறை குடிசையென்றும் மாளிகையென்றும் பார்ப்பதில்லை. வேற்றுமை பிறந்தபின்னரே தொடங்குகிறது.

செல்வர்க்கே எட்டிய அறுவை மருத்துவத்தை எளியோர்க்கும் எட்டச் செய்தன, 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் அதனிடத்தில் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும். நம் கண்டமங்கலத்திலிருந்து புதுவை ஜிப்மர் மருத்துவமனையும் பேருந்தில் போய்வரும் தொலைவே. செலவும் தொலைவும் குறைந்தபின் எஞ்சும் தடை யாது?

தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று விடை தருகிறது. இதய அறுவை வேண்டுமென்று அறிவுறுத்தப்பெற்ற ஆண் குழந்தைகளுள் 70 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் அதனைச் செய்துகொண்டனர். பெண் குழந்தைகளுள் 44 விழுக்காட்டினரே!

வடபுலத்துச் செய்தியென்று இதனை ஒதுக்க இயலுமா? ‘மார்பில் தழும்பிருந்தால் பெண்ணை யார் கட்டுவார்?’ என்னும் கேள்வி நம் வீடுகளுக்கும் புதிதன்று. பெண்ணை மாசுமறுவற்ற சிலையாகவே பாடிவந்த நம் கவிதைக்கும் அக்கேள்வியில் பங்குண்டு.

மார்பில் ஏற்ற விழுப்புண்ணை வீரனுக்கு அணியாகப் போற்றிய மொழி நம் மொழி. பிழைத்தெழுந்த சிறுமியின் மார்புத் தழும்பையும் அவ்வாறே பாடுங்கள், கவிஞர்களே! அப்பாட்டைக் கேட்டு ஒரு தந்தையேனும் தன் மகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வாராயின், அதுவே இப்பத்தாண்டுத் தமிழ்ப்பணியின் பயனாகும்.