வயிற்றுக்கு ஒரு ரிஜிஸ்தர்

(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஆன்மிகம் பேசும் மேடையில் வயிற்றைப் பற்றிப் பேசுகிறேனே என்று நினைக்க வேண்டாம். வயிறு சரியாக இல்லாவிட்டால் சந்தியாவந்தனத்தில்கூட மனம் நிற்காது.

நான் 1984-ல் இந்தத் தீவுக்கு மாற்றலாகி வந்தேன். நம் ஊர் அப்போது போர்ட் பிளேர்; 2024-ல்தான் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. வந்த நாள் முதல் வயிற்று உப்புசம், இரைச்சல், பேதி. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். பிறகு பழியைச் சாம்பார் மேல் போட்டேன். பத்து வருஷம் என் சகதர்மிணி துவரம்பருப்பைக் குறைத்தும் புளியைக் குறைத்தும் பார்த்தாள். குணமில்லை.

ஏகாதசியன்று அவள் சமைப்பதே இல்லை. எனக்குப் பழமும், பால்பவுடரில் கரைத்த இரண்டு பெரிய டம்ளர் பாலும்தான். ஆனால் அன்றுதான் உபாதை அதிகம்! உபவாசத்தின் விளைவு என்று நினைத்தேன். ஒரு முறை கப்பல் தாமதமாகி, பால்பவுடர் தீர்ந்துவிட்டது. அந்த ஏகாதசி பழத்தோடு போயிற்று. வயிறு அமைதியாக இருந்தது. பி.எஸ்ஸி. படித்தவனுக்கு அப்போதுதான் புத்தி வந்தது.

ஒரு நோட்டில் ரிஜிஸ்தர் போட்டேன். சாப்பிட்டது, நேரம், அளவு, உபாதை என்று நான்கு பத்திகள். இரண்டு வாரம் பாலை மட்டும் நிறுத்தினேன். வேறு எதையும் மாற்றவில்லை. குணம் தெரிந்தது. மறுபடி பால் குடித்தேன், உபாதை திரும்பியது. பிறகு டாக்டரும் அதையே உறுதி செய்தார்.

பாலில் உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதைச் செரிக்கும் லாக்டேஸ் என்சைம், உலகில் மூன்றில் இரண்டு பங்குப் பெரியவர்களுக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பின் குறைந்துவிடுகிறது. நம் நாட்டில் வடமேற்கைவிடத் தெற்கில் இந்தக் குறை அதிகம். செரிக்காத லாக்டோஸைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்க வைப்பதால் வாயு உண்டாகிறது. மூச்சில் வரும் ஹைட்ரஜனை அளந்தும் இதைக் கண்டுபிடிக்கலாம்.

இதற்காகக் காபியை விட வேண்டியதில்லை. 100 மில்லி பாலில் லாக்டோஸ் சுமார் 5 கிராம். ஒரு வேளைக்கு 12 கிராம் வரை பலருக்கும் தாங்கும். நன்றாகத் தோய்ந்த தயிரில் இது குறைவு, நெய்யில் அநேகமாக இல்லை. எனக்குக் காலைக் காபியும் மோர் சாதமும் தொடர்கின்றன.

மூன்று எச்சரிக்கைகள். அலர்ஜி என்பது வேறு. தடிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது. எடை குறைந்தாலும் மலத்தில் ரத்தம் போனாலும் உடனே டாக்டரைப் பாருங்கள். கோதுமை மேல் சந்தேகம் வந்தால், ரத்தப் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். கோதுமை ஆகாது என்று தெரிந்தவர்கள் பெருங்காய டப்பாவின் லேபிளையும் படியுங்கள். கட்டிப் பெருங்காயத்திலும் மாவு கலப்பதுண்டு.

கடைசியாக ஒன்று. முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் சகதர்மிணியிடம், அவளுடைய சாம்பார் நிரபராதி என்று இந்தச் சபையறியச் சொல்லிக்கொள்கிறேன். தீர்ப்பு வரப் பத்து வருஷம் ஆனதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.