முதல் ஆளை எடுக்கும் முன்னாடி: 5 மாசம், ஐந்தரை லட்சம், ஒரு பாடம்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க: "ஸ்டார்ட்அப்ல முதல் ஆளை எப்படி எடுக்குறது?" சரியா எடுத்த கதை என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. அதுக்கு முன்னாடி தப்பா எடுத்த கதையைச் சொல்லிடறேன்.

நானும் என் நண்பனும் லாஸ்பேட்டையில ஒரு வீட்டு மாடியில ஆரம்பிச்சோம். கையில 18 லட்சம், ரெண்டு பேரோட சேமிப்பு. பாண்டிச்சேரியில சனி, ஞாயிறு கூட்டம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். சின்ன கெஸ்ட் ஹவுஸ்ல ஒரே ரூமை ரெண்டு பேருக்குக் குடுத்துட்டு ஓனர் முழிப்பார். அதைத் தடுக்கத்தான் எங்க புக்கிங் சாஃப்ட்வேர். 14 கெஸ்ட் ஹவுஸ் சேர்ந்ததும் தலைகால் புரியலை. சென்னையில பெரிய கம்பெனியில இருந்த ஒரு சீனியர் டெவலப்பரை மாசம் 1,10,000 ரூபாய்க்கு எடுத்தோம்.

அவர் மேல தப்பே இல்லை. "ஒரே நேரத்துல லட்சம் பேர் வந்தாலும் தாங்கணும்"னு கேட்டது நாங்க. அவர் அதை அழகாக் கட்டினார். ஆனா அதே சமயத்துல ஒரு ஓனர், "தம்பி, பில்லுல ஜிஎஸ்டி தப்பா வருதுப்பா"ன்னு மூணு வாரமா ஃபோன் பண்ணிட்டு இருந்தார். எடுத்துப் பேச ஆள் இல்லை. 5 மாசத்துல ஐந்தரை லட்சம் போச்சு. 14 கெஸ்ட் ஹவுஸ் 9 ஆச்சு. சம்பளம் தொடர்ந்து குடுக்க முடியாதுன்னு அவர்கிட்ட சொன்ன அன்னைக்கு, நானும் நண்பனும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கலை.

அப்போதான் தெரிஞ்ச கதைகளையே திரும்பப் படிச்சேன். 2010ல கிரிஷ் மாத்ருபூதம் சென்னையில ஃப்ரெஷ்டெஸ்க் ஆரம்பிச்சப்போ, கூட வந்த ஷான் கிருஷ்ணசாமி ஏற்கெனவே ஸோஹோவுல அவரோட வேலை பார்த்தவர். ரெஸ்யூமே பார்த்து எடுத்த ஆள் இல்லை. எப்படி வேலை பார்ப்பார்னு தெரிஞ்ச ஆள். முதல் கஸ்டமர் ஆஸ்திரேலியாவுல ஒரு கல்லூரி. 2021 செப்டம்பர்ல அந்தக் கம்பெனி, ஃப்ரெஷ்வொர்க்ஸ்ங்கிற பேர்ல, நாஸ்டாக்ல லிஸ்ட் ஆச்சு.

ஸோஹோ கதை வேற மாதிரி. 2005ல வெறும் 6 மாணவர்களோட ஒரு பள்ளி ஆரம்பிச்சாங்க. பிளஸ் டூ, டிப்ளமோ முடிச்சவங்களுக்கு உதவித்தொகை குடுத்துக் கத்துக்குடுத்து வேலைக்கு எடுக்குறாங்க. டிகிரி பார்க்குறதில்லை. இதைக் கேட்டதும், "சரி, நாமும் ஃப்ரெஷரை எடுத்துப் பழக்கிடலாம்"னு தோணும். கொஞ்சம் பொறுங்க. அந்தக் கம்பெனி ஆரம்பிச்சது 1996ல. 9 வருஷ வியாபாரத்துக்கு அப்புறம்தான் பள்ளி. கையில 6 மாசச் சம்பளம் மட்டும் வெச்சிருக்குற நமக்கு ரெண்டு வருஷப் பயிற்சி கட்டுப்படியாகாது.

அதனால எங்க வழி நடுவுல. இப்போ ஆள் தேடுறதுக்கு முன்னாடி, கடைசி ஒரு மாசத்துல வந்த புகாரை எல்லாம் ஒரு தாள்ல எழுதுவோம். எந்த வேலைக்கு ஆள் இல்லாம அடி வாங்குறோம்னு அதுவே சொல்லிடும். அடுத்து, பஸிலுக்குப் பதிலா நிஜமான ஒரு சின்ன வேலை, ரெண்டு நாளைக்கு, காசு குடுத்து. மூணாவது, "இன்னும் எத்தனை மாசத்துக்குப் பணம் இருக்கு"ன்னு வர்றவங்ககிட்ட நேராச் சொல்லிடுவோம். அந்த சீனியர்கிட்ட நாங்க அதைச் சொல்லலை. இன்னைக்கு வரைக்கும் உறுத்துறது அதுதான்.

இந்த மாதிரி எடுத்த முதல் ஆள், வில்லியனூர்ல இருந்து வந்த டிப்ளமோ முடிச்ச பொண்ணு. டெஸ்ட்டுக்குக் குடுத்தது அந்த ஜிஎஸ்டி பில்தான். கோடைத் தொடறதுக்கு முன்னாடி அவங்க கேட்டது: "அண்ணா, அந்த ஓனர் நம்பர் குடுங்க, என்ன பிரச்சனைன்னு முதல்ல அவர்கிட்டயே கேட்டுடறேன்." அப்பவே முடிவு பண்ணிட்டோம். விட்டுப்போன 5 பேர்ல 3 பேர் திரும்ப வந்துட்டாங்க. லட்சம் பேர் தாங்குற அந்த சிஸ்டத்துல இப்போ 12 பேர் இருக்காங்க. தாராளமாத் தாங்குது!

நீங்க முதல் ஆளை எடுக்கப் போறீங்கன்னா, இன்னைக்கு ராத்திரி அந்தப் புகார்த் தாளை எழுதிப் பாருங்க. என்ன வந்துச்சுன்னு எனக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.