நடுவயதில் லாரித் தொழில்



தில்லி நகரத்துக்குள் கனரக லாரிகள் பகல் வேளையில் வருவதற்குத் தடை உண்டு. ஆகையால் ஊர் உறங்கத் தொடங்கிய பின்னரே அவை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே நுழைகின்றன. காலையில் நாம் வாங்கும் தக்காளியும், உடுத்தும் துணியும், வீடு கட்டும் சிமெண்டும் அந்த இரவு ஊர்வலத்தில் வந்தவையே. இதனைப் பல ஆண்டுகளாக அறிந்திருந்தும், அந்த வண்டிகளை ஓட்டி வருகிறவர் யார், எந்த வயதில் அத்தொழிலுக்கு வந்தார், கடைசியாக எப்போது உறங்கினார் என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. என் குடும்பத்திலேயே ஒருவர் தமது 46-ஆம் வயதில், "லாரி ஓட்டப் போகிறேன்" என்று சொன்ன அன்றுதான் எனக்கு அந்த எண்ணம் உண்டாயிற்று.

அவர் என் தமக்கையின் கணவர். தில்லியை அடுத்த ஒரு தொழிற்கூடத்தில் இருபது ஆண்டுகள் பண்டகசாலைக் கணக்கராக இருந்தவர். 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பிறகு அந்தத் தொழிற்கூடம் மூடப்பட்டது. ஓராண்டுக் காலம் வேலை தேடி அலைந்தார். நாற்பதைத் தாண்டியவருக்கு எழுத்து வேலை எளிதில் கிடைப்பதில்லை. ஒருநாள் மாலை எங்கள் வீட்டுக்கு வந்து, "மாப்பிள்ளை, கனரக வண்டிக்கு லைசென்ஸ் எடுக்கலாம் என்றிருக்கிறேன்" என்றார்.

நான் கலைப் பட்டதாரி. மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளன். மின்விசிறியின் கீழே அமர்ந்து பழகியவன். "அத்தான், நம் குடும்பத்தில் இதுவரை ஒருவரும் லாரி ஓட்டியதில்லையே!" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "உனக்கு முன்னால் ஒருவரும் தில்லியில் உட்கார்ந்து மொழிபெயர்த்ததும் இல்லை" என்றார். எனக்கு விடை அகப்படவில்லை. அன்று தொடங்கி அவரோடு சேர்ந்து நானும் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நடுவயதில் இத்தொழிலை நாடுவோர் பலர் இருக்கலாம். அவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

முதலாவதாக, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சரக்கு வண்டி போன்ற போக்குவரத்து வாகனத்தை ஓட்டுவதற்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இதற்கு மேல்வரம்பு ஒன்றையும் சட்டம் விதிக்கவில்லை. கனரக வண்டி பழகுவதற்குரிய லைசென்ஸ் கேட்பவர், இலகு ரக மோட்டார் வாகன லைசென்ஸைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். மருத்துவரின் சான்றிதழும் வேண்டும். போக்குவரத்து வாகன லைசென்ஸ் முன்பு மூன்று ஆண்டுகளுக்கே செல்லுபடியாயிற்று. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகிறது. எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்ற பழைய விதியும் அதே ஆண்டில் நீக்கப்பட்டது.

இன்னுமொரு செய்தி, புதிதாக வருகிறவர்களுக்கு மிகவும் உதவக்கூடியது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிகளை, இலகு ரக வாகன லைசென்ஸ் உள்ளவரே, வேறு தனி அனுமதி இன்றி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆகவே, கார் ஓட்டத் தெரிந்த நடுவயதினர் ஒருவர், எடுத்த எடுப்பிலேயே பெரிய லாரியில் ஏற வேண்டியதில்லை. சிறிய சரக்கு வண்டியில் ஓராண்டு ஓட்டிப் பார்த்து, இத்தொழில் தமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொண்ட பின் மேலே செல்லலாம்.

சட்டம் வழி திறந்துவிட்டாலும், தொழில் அவ்வளவு எளிதில் வழிவிடுவதில்லை. நம் நாட்டில் லாரி ஓட்டுநர்கள் காலங்காலமாக உருவான முறை வேறு. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு போன்ற லாரித் தொழில் செழித்த ஊர்களை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. இளம் பிள்ளையாக இருக்கும்போதே கிளீனராக வண்டியில் ஏறி, கண்ணாடி துடைத்து, தார்ப்பாய் கட்டி, சக்கரம் கழற்றி மாட்டி, பல ஆண்டுகளுக்குப் பின் ஸ்டியரிங்கைத் தொடுவதே வழக்கம். வட நாட்டிலும் அப்படியே. கற்றுக் கொடுப்பவரை அங்கே 'உஸ்தாத்' என்பர். நாற்பதுக்கு மேல் வருகிறவருக்கு அந்தப் பல ஆண்டுப் பயிற்சி இல்லை. அதை ஈடுசெய்ய முறையான பள்ளியை நாட வேண்டும். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில், கனரக வண்டிப் பயிற்சி 6 வாரங்களில் 38 மணி நேரமாக, பாடமும் செய்முறையுமாக அமைக்கப்பட்டுள்ளது. அதுவும் ஒரு தொடக்கமே.

என் அத்தான் பயிற்சியும் லைசென்ஸும் பெற்ற பின், ஓராண்டு இரண்டாவது ஓட்டுநராகப் போனார். அவருக்கு வாய்த்த உஸ்தாத் ஹரியானாக்காரர், வயது முப்பத்தொன்று. இளையவரை மூத்தவர் 'உஸ்தாத்' என்று அழைத்தார். மூத்தவரை இளையவர் 'சாச்சா', அதாவது சிற்றப்பா, என்று அழைத்தார். தம்மைவிடப் பதினைந்து வயது சிறியவரிடம் திட்டு வாங்கிக் கற்பதுதான் இந்தத் தொழிலில் தமக்கு மிகக் கடினமாக இருந்தது என்று அத்தான் பிறகு என்னிடம் சொன்னார்.

கார் ஓட்டுவதற்கும் லாரி ஓட்டுவதற்கும் வேற்றுமை யாது? எடையே முதல் வேற்றுமை. மூன்று அச்சு லாரி ஒன்றின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2018-இல் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தப்பட்டது. இவ்வளவு பாரம் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, ஒரு விநாடியில் 22 மீட்டர் கடந்துவிடுகிறது. ஓட்டுநர் இரண்டு விநாடி கண்ணயர்ந்தால், 44 மீட்டர் தூரம் வண்டி ஆளில்லாமலே ஓடியதாகும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது.

பிரேக்கும் வேறு. கனரக லாரியில் அது அழுத்தப்பட்ட காற்றினால் இயங்குவது. காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் புறப்பட்டுவிட முடியாது. காற்றழுத்தம் ஏறுகிறதா என்று முள்ளைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். மலைச் சரிவில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். ஆகவே, இறக்கம் தொடங்குமுன்பே குறைந்த கியருக்கு மாறி, எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி செய்ய வேண்டும். டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணிக் கியரை நியூட்ரலில் விட்டு இறங்குவது பெரும் ஆபத்து. தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலுள்ள தொப்பூர்க் கணவாய், பல விபத்துகளின் மூலம் இந்தப் பாடத்தை நமக்குக் கற்பித்திருக்கிறது.

இவை தவிர, திருப்பங்களில் பின்சக்கரங்கள் உள்வாங்கி ஓடும். வண்டியின் பக்கவாட்டில் ஓட்டுநர் கண்ணுக்கு எட்டாத இடங்கள் உண்டு. புறப்படுமுன் ஒவ்வொரு டயரையும் இரும்புக் கம்பியால் தட்டி, ஓசையைக் கொண்டு காற்றின் அளவை மதிப்பிட வேண்டும். பண்டகசாலையில் சரக்கை எண்ணிப் பழகியவராதலால், இத்தகைய சோதனைகளில் அத்தான் ஒன்றையும் விடுவதில்லை. உஸ்தாத் முதலில் நகைத்தாராம். பிறகு அவரும் உடன் சேர்ந்து தட்டத் தொடங்கினாராம்.

அடுத்தது உடல். நாற்பதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்குவது இயல்பு. இருட்டில் கண்ணுக்குள் செல்லும் ஒளியும் குறைகிறது. எதிர்வரும் விளக்கின் கூச்சம் தெளிய முன்னைவிட அதிக நேரம் பிடிக்கிறது. நீண்ட நேரம் அமர்ந்திருப்பதால் இடுப்பு வலியும், கண்ட நேரத்தில் உண்பதால் வயிற்றுக் கோளாறும் உண்டாகும். சர்க்கரை வியாதி, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை மறைக்கக் கூடாது. மருத்துவச் சான்றிதழை ஒரு சடங்காக எண்ணி, பரிசோதனை இன்றியே முத்திரை வாங்கிவிடுவோர் உண்டு. அவர்கள் ஏமாற்றுவது அரசாங்கத்தை அன்று. தம்மையும், எதிரே வருகிற பேருந்தில் அமர்ந்திருப்பவர்களையுமே.

2025 அக்டோபர் முதல் தேதிக்குப் பின் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி இருக்க வேண்டும் என்று விதி செய்யப்பட்டுள்ளது. இது நற்செய்தியே. ஆயினும், அதற்கு முன் செய்யப்பட்ட எத்தனையோ லாரிகள் இன்னும் சாலையில் ஓடுகின்றன. எஞ்சினின் வெக்கையைப் புதியவர் இன்றும் எதிர்பார்க்கத்தான் வேண்டும்.

இனி, யாவற்றினும் முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும், அது உறக்கம். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை வரம்பை 1961-ஆம் ஆண்டு மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தபின் அரைமணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றும் அது கூறிற்று. இத்தகைய வாசகங்களைத் தமிழாக்குவது என் அன்றாட வேலை. 'ஓய்வு' என்ற சொல்லை எழுதுவதற்கு எனக்கு ஒரு விநாடிகூட ஆவதில்லை. அந்தச் சொல் சாலையில் என்ன விலை பெறுகிறது என்பதை அத்தான்தான் எனக்குக் காட்டினார்.

தனியாக வண்டி ஓட்டத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், ஒரு கிளீனரை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, தில்லியிலிருந்து சேலத்துக்குச் சரக்கேற்றிப் போனார். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். நாகபுரியைத் தாண்டிய மூன்றாம் இரவில் கண் சொருகத் தொடங்கிற்று. அந்நேரம் சரக்கு ஏற்பாடு செய்தவர் தொலைபேசியில் அழைத்து, "குறித்த நேரத்தில் சேர்த்தால் தனியாக ஒரு தொகை உண்டு, நிறுத்தாமல் போ" என்றார். அத்தான் வண்டியைச் சாலையோர உணவு விடுதி ஒன்றின் முற்றத்தில் நிறுத்தி, கயிற்றுக் கட்டிலில் படுத்து, விடியும் வரை உறங்கினார். சரக்கு அரைநாள் தாமதமாகச் சேர்ந்தது. தருவதாகச் சொன்ன தொகை கிடைக்கவில்லை என்பது மட்டுமன்று, பேட்டாவிலும் பிடித்துக்கொண்டார்கள். அதன்பின் மூன்று வாரம் அவருக்கு லோடு தரவில்லை. அந்த மாதம் என் தமக்கை தன் வளையலை அடகு வைத்தாள்.

அப்போது நான் அவரிடம், "அன்றிரவு இன்னும் கொஞ்ச தூரம் சமாளித்திருக்கலாமோ, அத்தான்?" என்று கேட்டேன். கேட்டதற்காக இன்றளவும் வெட்கப்படுகிறேன். அவர் சொன்னார்: "இருபத்தைந்து வயதில் இதே வேலை செய்திருந்தால், நானும் சமாளிக்கலாம் என்றுதான் நினைத்திருப்பேன். இப்போது என் உடம்பு எனக்குத் தெரியும், மாப்பிள்ளை. முடியாது என்று சொல்லத் தெரிந்த பிறகுதான் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறேன்."

நடுவயதில் வருகிறவருக்கு இளைஞரின் கண்ணும் இடுப்பும் இல்லை. கிளீனராக இருந்து பெற்ற அனுபவமும் இல்லை. ஆனால், தம் வலிமையின் எல்லை எதுவென்ற அறிவு இருக்கிறது. பின்னிரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை உடல் தானாகவே உறக்கத்தை நாடும் நேரம். அப்போது தேநீரும், உரத்த பாட்டும், முகத்தில் தெளிக்கும் நீரும் சிறிது நேரம் ஏமாற்றுமேயன்றி உறக்கத்துக்கு ஈடாகா. அந்த எல்லையை மதித்து நிற்கிறவரை இழப்பின்றி வைத்திருப்பது சரக்கு அனுப்புவோரின் கடமை. வாங்குவோராகிய நமக்கும் அதில் பங்குண்டு. நேற்றுக் கேட்ட பொருள் இன்றே வாசலுக்கு வர வேண்டும் என்று நாம் அவசரப்படும்போது, எங்கோ ஒருவர் கயிற்றுக் கட்டிலைக் கடந்து போகிறார்.

இத்தொழிலை எண்ணியிருக்கும் நடுவயது நேயர்களுக்கு முடிவாகச் சில சொற்கள். முதலில் கண்ணையும் உடலையும் உண்மையாகவே பரிசோதித்துக் கொள்ளுங்கள். சிறிய வண்டியில் தொடங்குங்கள். பெரிய வண்டிக்கு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயின்று, அதன்பின் அனுபவசாலி ஒருவரோடு சில காலம் இரண்டாவது ஆளாகச் செல்லுங்கள். அவர் வயதில் இளையவராயினும் அவரே ஆசிரியர். சம்பளம் எவ்வளவு, பேட்டா எவ்வளவு, தாமதத்துக்குப் பொறுப்பு யார் என்பவற்றைச் சாவியைக் கையில் வாங்குமுன் பேசிக்கொள்ளுங்கள். கடன் வாங்கிச் சொந்த லாரி வாங்குவதை முதல் சில ஆண்டுகளுக்கு நினைக்க வேண்டாம். வீட்டாரோடும் பேசுங்கள், மாதத்தில் பல நாட்கள் காலியாக இருக்கப்போவது அவர்களுடைய வீடு.

அத்தான் இன்றும் வண்டி ஓட்டுகிறார். வேறொரு முதலாளியிடம் சேர்ந்திருக்கிறார். அவர் இரவில் நிறுத்துவதற்குக் கணக்குக் கேட்பதில்லை. அடகு வைத்த வளையல் மீண்டுவிட்டது. தில்லிக்குள் லாரிகள் நுழையும் வேளையில், அவர் வருகிற இரவுகளில் என் தமக்கை விளக்கை அணைக்காமல் காத்திருக்கிறாள். தாமதமானால் முன்போல் அவள் கலங்குவதில்லை. "எங்காவது நிறுத்தித் தூங்கியிருப்பார்" என்கிறாள்.