நம் காதுக்கு எட்டாத வானொலி

வானொலி என்றதும் நமக்குப் பாட்டும் செய்தியும் நாடகமும்தான் நினைவுக்கு வரும். ஆனால், நம் வீட்டுப் பெட்டியில் கேட்காத வேறொரு வானொலி இரவும் பகலும் பேசிக்கொண்டே இருக்கிறது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் வண்டிகளிலும், சிறைச்சாலைக் காவலர்களின் இடுப்பிலும், பராமரிப்பு இல்லங்களிலும் அது ஒலிக்கிறது. ஆபத்து வேளையில் நம் பிள்ளையின் உயிரோ, பெற்றவர்களின் உயிரோ அந்த வானொலியில் போகிற நாலு வார்த்தையை நம்பி இருக்கலாம். ஆகவே, அது எப்படி வேலை செய்கிறது என்பதை இன்று பார்ப்போம்.

கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். தொலைபேசியில் ஒருவர் ஒருவரிடம்தான் பேசுகிறார். வாக்கி டாக்கியிலோ, பொத்தானை அழுத்திப் பேசினால் அந்த அலைவரிசையில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். பால்மரக் காட்டில் ஒருவர் குரல் கொடுத்தால் சுற்றியுள்ள நிரைகளில் மரம் வெட்டுகிறவர்கள் எல்லாருக்கும் கேட்குமே, அதைப் போல. ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது. அதனால்தான் பேசி முடித்ததும் 'ஓவர்' என்று சொல்லும் பழக்கம் வந்தது. வெள்ளம் வந்தாலும் விபத்து நடந்தாலும் ஊரே தொலைபேசியை எடுக்கும், இணைப்பு கிடைக்காது. ஆம்புலன்சின் வானொலி தனிப் பாதையில் போவதால் அந்த நெரிசலில் சிக்குவதில்லை.

இந்த வானொலி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. குன்று குறுக்கிட்டால் தடைப்படும். அடர்ந்த மரங்களும் ஈரமான இலைகளும் அவற்றின் வலுவைக் குறைக்கும். சுண்ணாம்புக் குன்றுகளும் செம்பனைக் காடுகளும் நிறைந்த நம் பேராக்கில் இது பெரிய தொல்லை. ஆகவே, உயர்ந்த இடத்தில் ஒரு நிலையம் அமைத்து, கீழிருந்து வரும் குரலை வாங்கி, வலுவேற்றி, மறுபக்கம் அனுப்புகிறார்கள். ஈப்போவிலிருந்து பார்த்தால் கிளேடாங் மலை உச்சியில் தெரிகிறதே கோபுரங்கள், மலையுச்சிகளில் கோபுரம் கட்டுவதன் காரணம் இதுதான்.

முன்பு ஒவ்வோர் இலாகாவும் தனித்தனி வானொலி வைத்திருந்தது. ஒன்று பேசுவது மற்றொன்றுக்குக் கேட்காது. பின்னர், பல இலாகாக்களும் பகிர்ந்துகொள்ளும் கட்டமைப்பை அரசாங்கம் உருவாக்கியது. லயத்துக்கு ஒரு குழாய் என்று இருந்தால், ஒன்றில் கூட்டம் நிற்கும், இன்னொன்று சும்மா கிடக்கும். எல்லாக் குழாய்களையும் பொதுவாக்கி, எது காலியோ அதில் பிடிக்கச் சொன்னால் தண்ணீர் எல்லாருக்கும் கிடைக்கும். புதிய வானொலிக் கட்டமைப்பின் சூட்சுமமும் இதுவே.

மருத்துவத்துக்கு வானொலி உதவியது புதிய கதையல்ல. ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் அக்கம்பக்கமே இல்லாத பண்ணைகளில் வாழ்ந்தவர்களுக்காக, 1928-இல் ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் விமானத்தில் பறந்து செல்லும் மருத்துவர் சேவையைத் தொடங்கினார். மருத்துவரை அழைப்பது எப்படி? அங்கே மின்சாரம் ஏது? ஆல்பிரட் டிரேகர் என்பவர் சைக்கிள் போலக் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலியைச் செய்தார். 1929 முதல் அது பயன்பாட்டுக்கு வந்தது. நம் நாட்டில் சரவாக்கின் உட்புற மக்களுக்காக 1973-இல் பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கியது.

சிறைச்சாலையில் வானொலியின் வேலை வேறு. தைப்பிங் சிறை 1879-இல் கட்டப்பட்டது. அந்தக் காலத்தில் மணியும் விசிலும்தான் எச்சரிக்கை. இன்று காவலர் தனியாக இருக்கும்போது ஆபத்து வந்தால், வானொலியில் உள்ள அவசரப் பொத்தானை அழுத்தலாம். அழைப்பது யாருடைய கருவி என்று கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்துவிடும். உள்ளே ஒரு கைதிக்கு நெஞ்சுவலி என்றாலும் உதவி இப்படித்தான் வரும். உறவினரைப் பார்க்கச் செல்வோர் கைப்பேசியை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை 1911-இல் தொடங்கப்பட்டது. சிலர் அவ்வூர்ப் பெயரைக் கேலிக்குச் சொல்வது நல்ல பழக்கமல்ல. அங்கிருப்பவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகளே. இத்தகைய பரந்த வளாகங்களிலும் முதியோர் இல்லங்களிலும், நினைவு தடுமாறிய ஒருவர் வழி தவறிப் போனால், ஒரே அழைப்பில் எல்லா வாயில்களுக்கும் செய்தி சொல்ல வானொலி உதவுகிறது.

இனி, நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். முன்பு தோட்டத்தில் டிரஸ்ஸர் இருந்தார். ஆபீசில் தொலைபேசி இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு பல இடங்களில் டிரஸ்ஸர் இல்லை. உதவி பட்டணத்திலிருந்துதான் வர வேண்டும்.

முன்பு தீயணைப்புக்கு 994, பொதுத் தற்காப்புக்கு 991 என்று இருந்தன. 2007-இல் எல்லாம் 999 என்ற ஒரே எண்ணுக்குள் வந்தன. கைப்பேசியில் 112-ஐ அழைத்தாலும் அங்கேதான் போகும். நாம் அழைத்ததும் எடுப்பவர் ஆஸ்பத்திரிக்காரர் அல்லர்; அழைப்பு மையத்துப் பணியாளர். அவர் ஆஸ்பத்திரிக்குச் சொல்ல, அங்கிருந்து செய்தி ஆம்புலன்சுக்குப் போகிறது. வாய் மாறி வாய் போகும் செய்தியில் ஒரு சொல் தவறினால், வண்டி வேறு சிம்பாங்கில் திரும்பிவிடும்.

தோட்டத்துக்கு நாம் வழங்கும் தமிழ்ப் பெயர் ஓட்டுநருக்குத் தெரியாது. பழைய பெயர் ஒன்று, பலகையில் இருக்கும் கம்பெனிப் பெயர் மற்றொன்று. ஆகவே, தோட்டத்தின் இன்றைய பெயர், டிவிசன், எந்தச் சாலை, எத்தனையாவது கட்டை, அருகில் கோயிலா பள்ளியா என்பதை மலாயில் ஒரு காகிதத்தில் எழுதிக் கதவருகே ஒட்டி வையுங்கள். பிள்ளைகளுக்கு அதை மனப்பாடம் செய்வியுங்கள். எண்களை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள்; ஆங்கிலத்தில் 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' என்பவை இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்கும். கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை தொலைபேசியை வைக்காதீர்கள். பிறகு அந்த எண்ணில் வேறு யாரிடமும் பேசாதீர்கள். வழி கேட்டு அவர்கள் திரும்ப அழைக்கலாம். இரவானால் ஒருவர் டார்ச் விளக்குடன் சிம்பாங்கில் நிற்கட்டும்.

மலையுச்சிக் கோபுரமும் விலை உயர்ந்த கருவியும் அரசாங்கத்தின் பொறுப்பு. அவற்றின் வழியே போக வேண்டிய முதல் செய்தியைத் தெளிவாகச் சொல்வது நம் பொறுப்பு. இன்றிரவே அந்தக் காகிதத்தை எழுதி விடுங்கள்.