'காண்க' என்னும் சொல்

விதி நூல்களில் 'இன்ன பிரிவைக் காண்க' என்றிருக்கும். கணினிகள் செய்தி பரிமாறும் டி.சி.பி. விதியை 1981-இல் வகுத்தது 793-ஆம் ஆவணம். 2022-இல் அதன் இடத்தை 9293-ஆம் ஆவணம் பெற்றது. பழைய எண்ணையே காட்டும் நூல், படிப்பவரை வழக்கொழிந்த விதியிடம் அனுப்பிவிடும்.

நம் உரிமையும் அவ்வாறே எழுதப்பட்டுள்ளது. பட்டியல் சாதியினர் யாவர் என்பதற்கு அரசியலமைப்பின் 366-ஆம் பிரிவு 341-ஐக் காட்டுகிறது. 341-இன்படி பிறந்தது 1950-ஆம் ஆண்டு ஆணை. அவ்வாணை 2021-இல் திருத்தப்பெற்று, தமிழ்நாட்டின் ஏழு பெயர்கள் தேவேந்திரகுல வேளாளர் என்னும் ஒரே பெயரின்கீழ் அமைந்தன.

ஆகவே, ஸ்ரீவில்லிபுத்தூரில் சான்றிதழ் வேண்டி விண்ணப்பிக்குமுன், எவரோ சொன்ன பட்டியலை நம்பாது, கடைசித் திருத்தம் வரை நாமே தேடிப் படிப்போம், படியாதவர்க்கும் எடுத்துரைப்போம். நாம் பெற்ற கல்வியின் பயன் அதுவே.