பேசிவிட்டு வரும் பயணம்

ஜெர்மன் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களே, பள்ளி முதல்வர்களே, பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பும் முன் நாலு கேள்வி கேட்டுத் தெளிவோம் என்று வந்திருக்கும் பெற்றோரே, முன்வரிசையில் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் மாணவச் செல்வங்களே!

ஜெர்மன் பயிலும் மாணவர்களுக்கு வெளிநாட்டுக் கல்விப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி என்று ஆராய்வதற்காக இரண்டு நாள் கூடியிருக்கிறோம். இந்தக் கருத்தரங்கிற்குத் தலைமை தாங்கும் பொறுப்பை எனக்குத் தந்த அமைப்பாளர்களுக்கு நன்றி. விசா, செலவு, பாதுகாப்பு, தங்குமிடம், பாடத்திட்டம் என்று ஐந்து அமர்வுகள் இருக்கின்றன. அவற்றில் பேசப்போகிறவர்கள் விவரங்களை என்னைவிட நன்றாக எடுத்துரைப்பார்கள். ஐந்துக்கும் பொதுவான ஒரு கேள்வியை மட்டும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்: அங்கே போய் நம் பிள்ளை யாரிடம், என்ன, எவ்வளவு நேரம் ஜெர்மனில் பேசப்போகிறது?

இந்தக் கேள்வி எனக்குள் எழுந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் முதல்முறை அழைத்துச் சென்ற குழுவில் முப்பத்தெட்டு மாணவர்கள். ஒன்பது நாளில் ஏழு நகரங்கள். காலையில் பேருந்தில் ஏறினால் இரவில்தான் இறங்குவோம். தேவாலயம், கோட்டை, அருங்காட்சியகம் என்று ஒன்று விடாமல் பார்த்தோம். திரும்பி வந்த மறுவாரம், 'நீ அங்கே பேசிய ஜெர்மன் வாக்கியங்களை எழுது' என்று வகுப்பில் ஒரு தாளைக் கொடுத்தேன். ஒரு மாணவி இரண்டே சொற்கள் எழுதியிருந்தாள். ஒன்று நன்றி, மற்றொன்று கழிப்பறை. மற்றவர்களின் தாள்களும் ஏறக்குறைய அப்படித்தான். பேருந்துக்குள் தமிழ், உணவகத்தில் ஆங்கிலம், எல்லாவற்றையும் கேட்டுச் சொல்ல ஒரு வழிகாட்டி. பிள்ளைகள் பேச ஓர் இடம்கூட வைக்காமல் நான் போட்ட திட்டம் அது. குறை என்னுடையது. அன்றிலிருந்து பயணத் திட்டத்தை நான் எழுதும் முறையே மாறிப்போனது.

நண்பர்களே, 'போகாமலே மொழியைக் கற்க முடியாதா?' என்று சிலர் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். இந்தியாவில் கோதே நிறுவனத்திற்கு மாக்ஸ் முல்லர் பவன் என்று பெயர். 1823-இல் டெஸ்ஸாவ் நகரில் பிறந்து, வடமொழியில் ஆழ்ந்து, ரிக் வேதத்தைப் பதிப்பித்த அந்த அறிஞர் இந்திய மண்ணில் காலடி வைத்ததே இல்லை. ஏட்டில் உள்ள மொழியை ஏட்டிலிருந்தே கற்றுக் கரை கண்டவர் அவர்.

இன்னொருவரையும் எண்ணிப் பாருங்கள். சாக்சனி நாட்டுப் புல்ஸ்னிட்சில் பிறந்த சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவருக்கு வேண்டியிருந்தது தெருவில் பேசும் தமிழ். ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தேடிப் பிடித்து, சின்னஞ்சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். பத்து ஆண்டுகள் ஆவதற்குள் தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகிவிட்டது.

மாக்ஸ் முல்லரின் வழியும் வழிதான். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பதினான்கு வயதில் ஜெர்மன் படிக்கும் நம் மாணவர் தேடுவது நாளை கல்லூரியிலும் தொழிற்கூடத்திலும் பேசப்போகும் மொழி. அவருக்கு மணலில் உட்கார ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைத் தேடித் தருவதுதான் நம் திட்டத்தின் வேலை.

முதலில் காலம். நம் கோடை விடுமுறையான மே மாதத்தில் ஜெர்மனியில் பள்ளிகள் நடந்துகொண்டிருக்கும். பதினாறு மாநிலங்களும் கோடை விடுமுறையை வெவ்வேறு தேதிகளில் விட்டாலும், ஜூன் பிற்பகுதிக்கு முன் எங்கும் கோடை விடுமுறை தொடங்காது. நம் பிள்ளை அங்கே ஒரு வகுப்பறையில் விருந்தினராக உட்காரலாம், இடைவேளையில் அந்தப் பிள்ளைகளோடு விளையாடலாம். டிசம்பர் கடைசியில் போனால் பள்ளிக் கதவு பூட்டியிருக்கும். மே மாதத்திலும் ஒரு கவனம் தேவை. மே தினம், கிறிஸ்துவின் விண்ணேற்ற நாள், பெந்தெகொஸ்தே திங்கள் ஆகியவை விடுமுறை நாட்கள். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பர்க்கிலும் பெந்தெகொஸ்தேயை ஒட்டி இரண்டு வாரம் பள்ளி கிடையாது. நாம் போகும் மாநிலத்தின் பள்ளி நாட்காட்டியைப் பார்த்த பிறகே விமானச் சீட்டில் கை வைக்க வேண்டும்.

அடுத்து விசா. பல ஷெங்கன் நாடுகளுக்குப் போவதானால், அதிக நாள் எங்கே தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதத்திற்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முதல்முறை விண்ணப்பிக்கும், 12 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் கைரேகை பதிய நேரில் போக வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. பெற்றோரின் ஒப்புதல் கடிதம் கட்டாயம். கல்விக்காகப் பயணம் செய்யும் பள்ளி மாணவர்களுக்கும் உடன்செல்லும் ஆசிரியர்களுக்கும் ஷெங்கன் விதிகள் விசாக் கட்டணத்திலிருந்து விலக்கு அளிக்கின்றன. இதைத் தெரிந்துகொள்ளாமலே பல பள்ளிகள் பணம் கட்டிவிடுகின்றன. விலக்குக் கேட்க வேண்டுமானால், பயணத்தின் கல்வி நோக்கம் பள்ளியின் கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும். நான் முன்வைத்த கேள்விக்கு விடை எழுதி வைத்திருக்கும் பள்ளிக்கு அந்தக் கடிதம் எழுதுவது அரை மணி நேர வேலை.

இனித் தங்குமிடம். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நடைப்பயணம் போவது ஜெர்மன் பள்ளிகளின் பழைய வழக்கம். ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் 1909 ஆகஸ்டில் அப்படித் தம் மாணவர்களோடு போனபோது இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. வழியில் ஒரு கிராமப் பள்ளியில் ஒதுங்கினார்கள். வைக்கோல் பரப்பி வகுப்பறையிலேயே பிள்ளைகள் உறங்கினார்கள். உறக்கம் வராமல் கிடந்த ஆசிரியருக்கு ஓர் எண்ணம் தோன்றியது: விடுமுறையில் சும்மா கிடக்கும் பள்ளிக்கூடங்களை, நடந்து வரும் பிள்ளைகளுக்கு ஊர்தோறும் தங்குமிடமாக்கினால் என்ன? அல்டெனா கோட்டையில் அவர் தொடங்கிய விடுதியிலிருந்துதான் இன்று உலகெங்கும் இருக்கும் இளைஞர் விடுதிகள் கிளைத்தன. ஓர் ஆசிரியர் மழையில் நனைந்து கண்டுபிடித்தது அது. நம் பயணத்தின் சில இரவுகளை அத்தகைய விடுதிகளில் கழிப்பது செலவுக்கும் நல்லது, பிற பள்ளிப் பிள்ளைகளோடு பழகவும் நல்லது.

ஆனால் மொழிக்கு உகந்த இடம் வீடுதான். குறைந்தது ஐந்து இரவுகளாவது ஒவ்வொரு பிள்ளையும் ஒரு ஜெர்மன் குடும்பத்தோடு தங்க வேண்டும் என்பேன். அதற்கான தயாரிப்பு பெட்டி கட்டுவதைவிடப் பெரியது. ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, முதல் இரவு உணவு மேசையில் இருக்கிறாள். வீட்டு அம்மா ரொட்டிக் கூடையை நீட்டி, இன்னும் வேண்டுமா என்று கேட்கிறார். இவள் புன்னகையோடு 'டாங்கெ' என்கிறாள். நன்றி என்றுதான் சொன்னாள். கூடை மேசையின் மறுகோடிக்குப் போய்விட்டது. அந்த மொழியில், தருகிறேன் என்பவரிடம் நன்றி என்று மட்டும் சொன்னால் போதும் என்றே பெரும்பாலும் பொருளாகும். வேண்டுமென்றால் 'யா, கேர்ன்' என்று சொல்லியிருக்க வேண்டும். நம் வீடுகளில் விருந்தாளி வேண்டாம் என்றால் யார் விடுகிறார்கள்? 'கூச்சப்படாதேம்மா, இன்னும் ஒன்று வைத்துக்கொள்' என்று இலையில் வைத்துவிட்டுத்தானே நகர்வோம். அதுபோல மறுபடி கேட்பார்கள் என்று அவள் காத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்றவரை வற்புறுத்தாமல் விடுவதுதான் அங்கே மரியாதை. அவள் அரைவயிற்றோடு படுத்தாள். அந்த அம்மாவோ, நம் சாப்பாடு பிள்ளைக்குப் பிடிக்கவில்லையே என்று வருந்திக்கொண்டிருந்தார். இரண்டு பேர் மேலும் தவறில்லை. அந்த ஒரு சொல்லின் இரண்டாவது பொருளை நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கவில்லை.

இரவில் அடுப்பு மூட்டாமல் ரொட்டி, பாலாடைக்கட்டி, காய்கறி என்று முடித்துக்கொள்வது பல வீடுகளில் வழக்கம். அந்த உணவின் பெயரே 'அபெண்ட்ப்ரோட்', மாலை ரொட்டி. தெரியாத பிள்ளை தன்னைக் கவனிக்கவில்லை என்று எண்ணும். தெரிந்த பிள்ளை ருசித்துச் சாப்பிடும். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும், பெரியவர்களை 'ஸீ' என்றே அழைக்க வேண்டும். இந்தக் கடைசிப் பாடம் மட்டும் நம் பிள்ளைகளுக்கு எளிது. நீ, நீங்கள் என்ற வேறுபாட்டிலேயே வளர்ந்தவர்கள் அல்லவா!

பகற்பொழுதை எப்படி வகுப்பது? மும்மூன்று பேராகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வேலை, ஆங்கிலம் பேசாத மூன்று மணி நேரம். ஒரு குழு ரொட்டிக் கடைக்குப் போகட்டும். பாடநூலில் 'ப்ரோட்சென்' என்று படித்த சிறு ரொட்டி பெர்லினில் 'ஷ்ரிப்பெ', மியூனிக்கில் 'ஸெம்மெல்' என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு, வேறு ஏதாவது வேண்டுமா என்று கடைக்காரர் ஒரே மூச்சில் கேட்பாரே, பாடநூலில் இல்லாத அந்த வேகத்தில்தான் மொழி இருக்கிறது. மற்றொரு குழு ரயில் நிலையத்தில் நடைமேடையைக் கேட்டு எழுதி வரட்டும். இன்னொரு பிள்ளை தான் தங்கியிருக்கும் வீட்டுப் பாட்டியிடம் அவருடைய பள்ளிக் காலத்தைக் கேட்டுப் பத்து வரி எழுதட்டும். ஆசிரியர் பத்தடி தள்ளி நிற்கட்டும். கண்ணில் படவேண்டும், காதுக்கு எட்டக்கூடாது.

இடங்களைப் பற்றிக் கேட்டால், ஏழு நகரங்களை இரண்டு மூன்றாகக் குறையுங்கள் என்பேன். நான் விரும்பிச் சொல்லும் வழி வைமாரும் ஹாலேயும். கோதேயும் ஷில்லரும் வாழ்ந்த வீடுகள் வைமாரில் நடை தூரத்தில் இருக்கின்றன. 1919-இல் பௌஹவுஸ் கலைப்பள்ளி தொடங்கியதும் அந்த ஊரில்தான். அதே ஊருக்கு அருகே, எட்டர்ஸ்பெர்க் குன்றின் மேல், 1937 முதல் 1945 வரை நாஜிகள் நடத்திய புகன்வால்ட் வதைமுகாம் இருக்கிறது. ஏறத்தாழ 56,000 பேர் அங்கே உயிரிழந்தார்கள். முகாமின் இரும்புக் கதவில் மூன்று சொற்கள். உள்ளே அடைபட்டவர்கள் நாள்தோறும் படிக்கும்படி உட்பக்கம் பார்த்துப் பொறித்தவை: அவரவர்க்கு உரியது அவரவர்க்கு. முதலாண்டு ஜெர்மன் படித்த பிள்ளைக்கும் அந்த மூன்று சொற்கள் புரியும். நீதியைச் சொல்லும் ஒரு பழமொழியைக் கொடுமையின் வாசலில் தொங்கவிட முடியும் என்பதை அங்கே நின்று படித்த மாணவர், எந்த மொழியையும் பிறகு அலட்சியமாகப் பேசமாட்டார். ஒன்பதாம் வகுப்புக்குக் கீழ் அழைத்துப் போக வேண்டாம். போகும் முன் ஒரு மாதம் வரலாறு கற்பியுங்கள். அன்று மாலை வேறு நிகழ்ச்சி வைக்காதீர்கள். ஆனால் வைமார் வரை போய் அந்தக் குன்றைத் தவிர்க்காதீர்கள்.

ஹாலேயில் பிராங்கே என்பவர் 1698-இல் தொடங்கிய கல்வி நிறுவன வளாகம் இன்றும் நிற்கிறது. சீகன்பால்குவின் தரங்கம்பாடி அச்சகத்துக்கான தமிழ் அச்செழுத்துகள் முதலில் வார்க்கப்பட்டது ஹாலேயில்தான். அந்த வளாகத்தின் ஆவணக்காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. பல மாதம் முன்பே எழுதிக் கேளுங்கள். தமிழகத்துப் பிள்ளைகள் அங்கே ஒரு சுவடியைக் காணும் வாய்ப்புக் கிடைத்தால், அதில் என்ன இருக்கிறது என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஜெர்மனில் அவர்களே விளக்கட்டும். வாழ்க்கையில் முதல்முறையாக, அந்த மொழியில் சொல்வதற்கென்று சொந்தமாக ஒரு செய்தி அவர்களிடம் இருக்கும்.

செலவைப் பற்றி ஒரு வேண்டுகோள். வகுப்பில் நன்றாகப் பேசும் பிள்ளை, அப்பாவின் சம்பளத்தால் பின்தங்கக் கூடாது. பரிமாற்ற முறையில் அவர்கள் பிள்ளை நம் வீட்டிலும் நம் பிள்ளை அவர்கள் வீட்டிலும் தங்கினால் தங்குமிடச் செலவு பெருமளவு குறையும். நகரங்களைக் குறைத்தால் இன்னும் குறையும். மிச்சப்படும் தொகையில் இரண்டு மூன்று பிள்ளைகளின் இடத்தை உறுதி செய்யுங்கள். யார் பணத்தில் யார் வந்தார் என்பது வகுப்பில் ஒருவருக்கும் தெரிய வேண்டியதில்லை.

அரைவயிற்றோடு படுத்த அந்த மாணவியைப் பற்றி இன்னும் ஒன்று. மறுநாள் காலை அவள் நடந்ததை என்னிடம் சொன்னாள். நான் பேசட்டுமா என்றேன். வேண்டாம் மிஸ், நானே சொல்கிறேன் என்றாள். அன்று இரவு, உடைந்த ஜெர்மனில், நம் ஊரில் விருந்தாளியை எப்படி உபசரிப்போம் என்று அந்தக் குடும்பத்துக்கே விளக்கினாள். சிரித்துச் சிரித்து, அந்த வீட்டில் அதுவே ஒரு விளையாட்டாகிவிட்டது: இவளிடம் மட்டும் எதையும் மூன்று முறை கேட்பார்கள். அடுத்த ஆண்டு புறப்பட்ட குழுவுக்கு 'யா, கேர்ன்' சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். வகுப்பு மேசையில் தட்டு வைத்து, கூடையை நீட்டி, ஒவ்வொருவரையும் சொல்ல வைத்தாள்.

ஆகவே, ஐந்து அமர்வுகளின் அறிஞர்களையும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் தீட்டும் ஒவ்வொரு நாளின் திட்டத்தின் ஓரத்திலும், அன்று பிள்ளை பேசப்போகும் ஒரு வாக்கியத்தை ஜெர்மனில் எழுதுங்கள். எழுத முடியாத நாள் இருந்தால் அந்த நாளை மாற்றி அமையுங்கள். நாளை மாலை நாம் கலையும்போது அப்படிப்பட்ட ஒரு திட்டத்தாள் இந்த அவையின் கையில் இருக்க வேண்டும்.

அந்தப் பணிக்காக, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைப்பதில் மகிழ்கிறேன்.