தொலைவில் இருந்து கூடிப் படம் பார்த்தல்



புத்தகத்தைத் தனியாக இருந்து படிக்க வேண்டும். விருந்தைப் பலரோடு இருந்து உண்ண வேண்டும். இதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது என்றுதான் தோன்றும். ஆனால் கவிதைப் புத்தகம் விஷயத்தில் நம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரைத்தான் சொல்லுகிறேன். திருநெல்வேலியில் அவர் வீட்டு முற்றத்தில் கூடிய வட்டத்தொட்டியில் நண்பர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். கம்பருடைய பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, நிறுத்திப் படித்து, மறுபடியும் படித்து, ஒருவர் கண்டதை மற்றவர்க்குக் காட்டி அனுபவிப்பார்கள். பிற்காலத்தில் குற்றாலத்திலும் இது நடந்தது. 1954-இல் அவர் மறைந்தார். ரசிப்பது என்பது கூடிச் செய்கிற காரியம் என்னும் எண்ணம் மாத்திரம் இந்தத் தென்காசிச் சீமையில் இன்னும் முற்றிலும் போய்விடவில்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கவிதையை அன்று. பழைய ஆங்கிலப் படங்களை. அவற்றைப் புளியங்குடியில் என் வீட்டுத் திண்ணை அறையில் உட்கார்ந்துகொண்டு, உலகத்தின் நாலா பக்கத்திலும் இருக்கிற சில நண்பர்களோடு சேர்ந்து, ஒரே நேரத்தில் பார்க்கிற ஒரு வழக்கத்தை. தனித்தனி வீடுகளில் இருந்துகொண்டு கூடுவதாவது என்று கேட்கலாம். இந்தப் பேச்சைக் கேட்கிற நீங்கள் மாத்திரம் எப்படி இருக்கிறீர்களாம்? ஒருவர் கடையத்தில், ஒருவர் வாசுதேவநல்லூரில், ஒருவர் கல்லூரி விடுதியில். எல்லோருக்கும் நேரம் ஒன்று; சொல் ஒன்று. வானொலி நெடுநாளாகச் செய்துவருகிற காரியந்தான் இது.

சினிமா நம் நாட்டிற்கு வந்தபோதே கூட்டத்தோடுதான் வந்தது. திருச்சிராப்பள்ளியில் ரயில்வே வரைபடக்காரராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் யந்திரத்தை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். அந்தக் காலத்துப் படங்களுக்குப் பேச்சு இல்லை. ஆகவே திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, நடப்பதை உரத்த குரலில் விளக்குவார். எழுத்து வரும்போது அதைப் படித்தும் சொல்லுவார். அமெரிக்கப் படம் என்றாலும் விளக்கம் தமிழில்தான். படம் பேசத் தொடங்கிய பிறகு அந்த மனிதருக்கு வேலை போயிற்று. ஆனால் வேலைதான் போயிற்றேயன்றி, வழக்கம் போகவில்லை. டூரிங் கொட்டகைகளில் ஒரே ஒரு யந்திரந்தான் இருக்கும். சுருளை மாற்றுவதற்காகப் பலமுறை இடைவேளை விடுவார்கள். அந்த இடைவேளைகளில் மணல் தரையில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவருக்கு விளக்கம் சொல்லுகிறவரே. ஆங்கிலப் படமானால் கேட்கவே வேண்டாம். கதாநாயகன் ஒன்று சொல்ல, நம்மவர் வேறொன்று சொல்லுவார். பல சமயங்களில் நம்மவர் சொன்ன கதையே மேலாகவும் இருந்திருக்கலாம்.

படித்தவர்கள் பக்கத்தில் இதற்கு வேறு உருவம் உண்டாயிற்று. 1947-இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் இன்னும் சிலரும் கல்கத்தாவில் ஒரு திரைப்படக் கழகம் தொடங்கினார்கள். 1952-இல் நடந்த முதலாவது சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் ஆரம்பித்துச் சென்னைக்கும் வந்தது. நம் திருநெல்வேலியிலேயே 1990-களில் காஞ்சனை என்னும் திரைப்பட இயக்கம் உலகப் படங்களைத் திரையிட்டு வந்தது. இவை எல்லாவற்றிற்கும் ஓர் அரங்கம் வேண்டும், சுருள் வேண்டும், பஸ் ஏறி வருகிற ஆட்கள் வேண்டும். புளியங்குடிக்காரனுக்கு இரவுக் காட்சி முடிந்தபின் ஊர் திரும்பப் பஸ்ஸும் வேண்டும்!

1995-இல் ஒரு வேடிக்கை நடந்தது. கார்ட்டூன் நெட்வொர்க், டி. என். டி. என்னும் இரண்டு தொலைக்காட்சிகள் ஒரே அலைவரிசையைப் பங்கிட்டுக்கொண்டு இந்தியாவிற்கு வந்தன. பகலெல்லாம் பூனையும் எலியும் துரத்திக்கொள்ளும்; இரவானால் பழைய ஹாலிவுட் படம். பூனையையும் எலியையும் பார்த்தபின் எழுந்து போகச் சோம்பற்பட்ட எத்தனையோ பிள்ளைகள் அப்படியே ஹம்ப்ரி போகார்ட்டையும் கிரெட்டா கார்போவையும் பழக்கப்படுத்திக்கொண்டார்கள். அமெரிக்காவில் 1994 முதல் பழைய படங்களுக்கென்றே டர்னர் கிளாசிக் மூவிஸ் என்னும் தொலைக்காட்சி நடந்து வருகிறது. அதன் ரசிகர்கள், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தத்தம் வீட்டிலிருந்து குறிப்புகளை எழுதி இணையத்தில் பரிமாறிக்கொள்ளும் பழக்கத்தை உண்டாக்கினார்கள். 2020-இல் பெருந்தொற்று வந்து கொட்டகைகளெல்லாம் மூடிக்கிடந்தபோது, இந்தப் பழக்கம் உலகெங்கும் பரவிற்று. எங்கள் சிறு கூட்டமும் அப்போது கூடியதுதான்.

முறை மிகவும் எளிது. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி அனுப்புவார். மூன்று வந்தவுடன் எல்லோரும் தத்தம் படத்தை ஓடவிட வேண்டும். குளிர்காலமானால் லண்டன் நண்பருக்கு அப்போது பிற்பகல் இரண்டரை. டொராண்டோ அம்மையாருக்குக் காலை ஒன்பதரை. சிங்கப்பூர்க்காரருக்கு இரவு பத்தரை. யாழ்ப்பாணத்து ஆசிரியருக்கு மட்டும் எங்கள் நேரமேதான். ஒருவருடைய படம் பத்து வினாடி பின்தங்கிவிட்டால், சிரிப்பு முதலில் வந்து நகைச்சுவை பிறகு வரும். இதுவும் பழகிவிடுகிறது.

படங்களை எங்கிருந்து எடுப்பது என்று கேட்பீர்கள். நம் நாட்டுச் சட்டத்தில் திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு வரையில்தான். ஊமைப்படக் காலத்துச் செல்வமெல்லாம் இந்த எல்லையைத் தாண்டிவிட்டது. மற்றவற்றிற்கு உரியவர்களிடம் காசு கொடுத்துப் பார்ப்பதே முறை.

பஸ்டர் கீட்டனின் ‘தி ஜெனரல்’ பார்த்த இரவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது 1926-ஆம் ஆண்டுப் படம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862-இல் உண்மையாகவே நடந்த ஒரு ரயில் எஞ்ஜின் திருட்டைத் தழுவியது. கதாநாயகன் எஞ்ஜின் டிரைவர். பட்டாளத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை, காதலியும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனம் உடைந்து, தன் எஞ்ஜினின் சக்கரங்களை இணைக்கிற இரும்புத் தண்டின்மேல் போய் உட்காருகிறான். எஞ்ஜின் மெல்ல நகர்கிறது. தண்டு மேலே போகும்போது அவனும் மேலே போகிறான். கீழே வரும்போது கீழே வருகிறான். துக்கத்தில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் சிரித்தோம்; சிரிப்பின் அடையாளங்கள் திரையில் வரிசையாக வந்து விழுந்தன.

எங்கள் கூட்டத்தில் செங்கோட்டை பக்கத்துப் பெரியவர் ஒருவர் உண்டு. இளமையில் நீராவி எஞ்ஜினில் கரி தள்ளியவர். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூர் செல்லும் மலைப்பாதையில் வேலை பார்த்தவர். 1904-இல் திறந்த பாதை அது. குகையும் பதின்மூன்று கண் பாலமுமாக மலையைக் குடைந்து போவது. அவருக்குக் கண் மங்கிவிட்டபடியால் கல்லூரியில் படிக்கிற பேத்தி பக்கத்தில் இருந்து அவர் சொல்வதை எழுதி அனுப்புவாள். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. தாத்தா சிரிக்கவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று.

காரணத்தைப் படம் முடிந்தபிறகு சொன்னார். நீராவி எஞ்ஜின் புறப்படும்போது டிரைவர் ரெகுலேட்டரை ஒரு நூல் அதிகமாகத் திறந்துவிட்டாற் போதும். நீராவி ஒரேயடியாகப் பாய்ந்து, சக்கரங்கள் தண்டவாளத்தைப் பற்றாமல் நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுழன்றுவிடும். மழை நனைத்த தண்டவாளமானால் இன்னும் மோசம். அதற்காகவே எஞ்ஜினில் மணல் வைத்துக்கொண்டு சக்கரத்தின்முன் தூவுவார்கள். ஆரியங்காவு ஏற்றத்தில் மழைக்காலத்து இரவுகளில் தாம் கண்டதை அவர் விவரித்தார். அப்படிச் சக்கரம் சுழன்றிருந்தால், தண்டின்மேல் உட்கார்ந்திருந்த அந்த மனிதன் என்ன ஆகியிருப்பான்? கீட்டனும் இந்த அபாயத்தைப் பற்றிப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். உட்கார்ந்திருந்தது கீட்டனே, அவருக்குப் பதில் வேறொருவர் அல்லர். அவருடைய உயிர் அந்தச் சில வினாடிகள் டிரைவரின் விரல் நுனியில் இருந்தது.

அந்தக் காட்சியை நான் அதற்குமுன் மூன்று தடவை தனியாகப் பார்த்திருக்கிறேன். மூன்று தடவையும் பார்த்தது பாதிதான். மீதிப் பாதி செங்கோட்டையில் இருந்தது.

இதே படத்தின் பிற்பகுதியில் எரிகிற மரப்பாலம் இடிந்து, ஓர் எஞ்ஜின் ஆற்றில் விழும். பொம்மை எஞ்ஜின் அல்ல, உண்மையானது. ஆரிகன் மாநிலத்தில் எடுத்த காட்சி. விழுந்த எஞ்ஜினை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போதுதான் பழைய இரும்புக்காக அதை வெளியே எடுத்தார்கள். பெரியவர் இதற்கு ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு நல்ல எஞ்ஜினைப் பாழாக்கியதில் அவருக்குச் சம்மதமில்லை போலும்.

இவ்வளவு செலவிட்டு எடுத்த படம் 1926-இலும் 1927-இலும் எடுபடவில்லை. விமர்சகர்கள் குறை சொன்னார்கள், பணம் திரும்பவில்லை, சில காலத்திற்குள் கீட்டன் தம் சுதந்திரத்தை இழந்து எம். ஜி. எம். கம்பெனியில் சம்பளத்திற்குச் சேர்ந்தார். பிறகு பல ஆண்டுகள் கழித்து, கழகங்களிலும் விழாக்களிலும் கூடிய சிறு சிறு கூட்டங்கள் அவருடைய படங்களை எடுத்துப் பார்த்தன. 1966-இல் இறப்பதற்குமுன் தம் படங்களுக்கு எழுந்த கைதட்டலைக் கீட்டன் கேட்டுவிட்டார். 1989-இல் அமெரிக்க அரசு பாதுகாக்க வேண்டிய படங்கள் என்று முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த 25-இல் இதுவும் ஒன்று.

சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ 1931-இல் வந்தது. நம் முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ வந்ததும் அதே ஆண்டுதான். உலகமெல்லாம் பேச ஆரம்பித்துவிட்ட பிறகும் சாப்ளின் வாய் திறக்க மறுத்தார். கண் தெரியாத பூக்காரப் பெண், ஓர் ஏழை நாடோடியைப் பணக்காரன் என்று எண்ண வேண்டும். அதைப் பேச்சில்லாமல் காட்ட வேண்டும். எப்படி? நெரிசலில் வழி கிடைக்காமல் அவன் நின்றிருக்கிற மோட்டார் ஒன்றின் உள்ளே புகுந்து மறுபக்கமாக இறங்குகிறான், கதவைச் சாத்துகிறான். அந்தச் சத்தம் அவள் காதில் விழுகிறது. நமக்கு விழவில்லை, கதவைத்தான் பார்க்கிறோம். ஊமைப்படத்தில் ஒரு சத்தத்தைக் கண்ணால் காட்டிவிட்டார். இதை எங்களுக்கு எடுத்துச் சொன்னவர் யாழ்ப்பாணத்து ஆசிரியர். பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பல ஆண்டு பாடம் சொல்லிக்கொடுத்தவர்.

1946-இல் வெளிவந்த ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ என்னும் படத்தில், பணம் போட்டவர்களெல்லாம் பீதியடைந்து ஒரு சிறு நிதி நிறுவனத்தின் வாசலில் வந்து குவிகிறார்கள். கதாநாயகன் தன் தேனிலவுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துப் பங்கிட்டுக் கொடுக்கிறான். மாலை ஆறு மணிக்குக் கதவை மூடும்போது இரண்டு டாலர் மிஞ்சுகிறது. எங்கள் ஊர் எலுமிச்சை மண்டியில் கணக்கு எழுதுகிற நண்பர் இந்தக் காட்சியில் எழுந்து நின்றுவிட்டாராம். சீட்டுப் போட்டு, சீட்டுக்காரன் ஓடிப்போன ஊரில் வளர்ந்தவருக்கு அமெரிக்கச் சரித்திரம் விளக்க வேண்டியதில்லை. இந்தப் படமும் முதலில் லாபம் தராததுதான். 1974-இல் பதிப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள். தொலைக்காட்சி நிலையங்கள் காசு கொடாமல் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒளிபரப்பின. குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்த்து அதைப் பெரிய படமாக்கிவிட்டார்கள்.

பார்ப்பவர் இல்லாத படங்கள் என்ன ஆயின தெரியுமா? 1912 முதல் 1929 வரையில் அமெரிக்காவில் ஏறக்குறைய 11,000 முழுநீள ஊமைப்படங்கள் வெளிவந்தன. அவற்றில் முதலில் வெளிவந்த உருவத்தில் முழுமையாக எஞ்சியிருப்பவை நூற்றுக்கு 14 தான் என்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் கணக்கு வெளியிட்டது. நம் கணக்கு இதைவிடப் பரிதாபம். நடராஜ முதலியாரின் ‘கீசகவதம்’ இல்லை. ‘காளிதாஸ்’ படமே இல்லை. தென்னாட்டு ஊமைப்படங்களில் முழுமையாகத் தப்பியது 1933-ஆம் ஆண்டு ‘மார்த்தாண்ட வர்மா’ என்றால், அதுவும் ஒரு பதிப்புரிமை வழக்கில் சுருள் முடங்கிக் கிடந்ததனால்! வழக்குப் போட்டவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த முறையில் தொல்லையும் உண்டு. படம் ஓடும்போது ஓயாமல் எழுதிக்கொண்டே இருப்பவர்கள் சிலர். டூரிங் கொட்டகையில் முறுக்கு விற்றுக்கொண்டு குறுக்கே போன பையனே இவர்களைவிட மேல். ஆகவே பேசும் படத்திற்கு எழுத்தைக் குறைத்துக்கொண்டோம். ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ போன்ற படத்தில் ஒருவர் பேச்சு முடியுமுன் மற்றவர் தொடங்கிவிடுகிறார்; அங்கே ஒரு வரி எழுதினால் நாலு வரி போய்விடும். விடுதியில் இருக்கிற நீங்கள் ஆரம்பிப்பதானால், ஒன்றரை மணிக்கு மேற்படாத ஊமைப்படமாகப் பார்த்து ஆரம்பியுங்கள். வயதில் மூத்தவர் ஒருவரையாவது கூட்டிக்கொள்ளுங்கள். தச்சரோ, தையற்காரரோ, பட்டாளத்திலிருந்து வந்தவரோ, யாராயிருந்தாலும் சரி.

செங்கோட்டைப் பெரியவர் இப்பொழுது இல்லை. பேத்தி மாத்திரம் சனிக்கிழமைகளில் வருகிறாள். சென்ற ஆண்டு ‘தி ஜெனரல்’ படத்தை மறுபடியும் போட்டோம்; புதிதாகச் சேர்ந்தவர்கள் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். கீட்டன் போய்த் தண்டின்மேல் உட்கார்ந்தார். எஞ்ஜின் நகருமுன் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு வார்த்தை வந்தது: ‘ரெகுலேட்டர்.’ புதியவர்கள் என்னவென்று கேட்டார்கள். படம் முடிந்ததும் சொல்லுகிறேன் என்று எழுதினாள்.